கற்பனை நாடும் சமயமும்

கதை எழுதுவோர் சிலர், உலகில் எங்கும் இல்லாத நாடொன்றைக் கற்பனையால் படைக்கின்றனர். அந்நாட்டிற்கு மலையும் ஆறும் வகுத்தல் எளிது. மன்னனையும் படையையும் அமைத்தலும் எளிது. ஆயின், அந்நாட்டார் எதனை வணங்குவர்? எதற்கு அஞ்சுவர்? இறந்தோரை எவ்வாறு நினைவுகூர்வர்? இவற்றிற்கு விடை காணாத வரையில் அந்நாடு உயிரற்ற ஓவியமாகவே நிற்கும். விடை காண விழைவோர் உலகில் வழங்கும் சமயங்களை உற்று நோக்குதல் வேண்டும்.

இளையரசனேந்தலில் வாழும் மாணவன் ஒருவன் இத்தகைய கதை எழுதப் புகுந்தான் எனக் கொள்வோம். அவன் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சங்கரன்கோவிலில் சிவபெருமானும் திருமாலும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராக விளங்குகின்றனர். சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் தத்தம் தெய்வமே உயர்ந்தது என வாதிட்டனர் என்றும், இருவரும் ஒருவரே என உலகம் உணரும் பொருட்டுக் கோமதியம்மை தவம் புரிந்தாள் என்றும் கோயில் வரலாறு கூறும். ஆடித்தபசு விழா ஆண்டுதோறும் அதனை நினைவூட்டுகின்றது. வழிபாட்டின் அடியில் மக்களின் வினா ஒன்று மறைந்திருத்தலை இதனால் அறியலாம். பிணங்கி நிற்கும் இரு திறத்தாரை ஒன்றுபடுத்துவது எங்ஙனம் என்பதே அவ்வினா.

அருகிலுள்ள கழுகுமலை மற்றொரு பாடம் கற்பிக்கும். அங்கு, முற்றுப்பெறாத சிவன் கோயிலாகிய வெட்டுவான் கோயிலும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் ஒரே மலையில் உள்ளன. சிற்பங்களின் கீழ், அவற்றைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியரையும் அங்குக் காண்கிறோம். தெய்வத்தின் பெயர் மட்டும் சமயம் ஆகாது. கொடுத்தோர், கற்பித்தோர், செதுக்கியோர் ஆகிய அனைவரின் வாழ்வும் அதனுள் அடங்கும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் மணிமேகலை பாடிய சாத்தனார். பௌத்த சமயத்தின் அருளறத்தை அவர் அமுதசுரபி என்னும் அள்ளக் குறையாத பாத்திரமாக்கினார். அப்பாத்திரம் வெறும் விந்தைப் பொருளாக நின்றுவிடவில்லை. பசித்தோர் பசியை ஆற்றியது. இறுதியில் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றியது. கொள்கை செயலாயிற்று, செயல் நாட்டை மாற்றிற்று.

அண்மைக் காலத்தும் இம்முறை போற்றப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தீவுகள் நிறைந்த உலகொன்றைப் படைத்தார். சீனத்துத் தாவோ நெறி கூறும் சமநிலையே அவ்வுலகின் அடிப்படை. ஓரிடத்தில் மந்திரத்தால் மழை வருவித்தால் பிறிதோரிடம் வறளக்கூடும் என்று அங்குள்ளோர் அஞ்சுகின்றனர். சீனத் தெய்வங்களின் பெயர்களை அவர் எடுத்தாளவில்லை. கருத்தை உணர்ந்து தம்மதாக்கிக் கொண்டார்.

இப்பணியில் ஒரு பொறுப்பும் உண்டு. அயலார் கைகூப்பி வணங்கும் தெய்வத்தைப் பெயர் மாற்றிக் கொடியதாகக் காட்டினால், அவர்தம் நெஞ்சில் உண்டாகும் புண்ணைக் கற்பனை என்னும் போர்வை மறைக்காது. ஆதலின், முதலில் அயலாரின் நம்பிக்கையைக் கேட்டறிக, அதனுள் இருக்கும் துயரையும் ஆறுதலையும் உணர்க, பின்னர் எழுதுக. அங்ஙனம் எழுதுவோனது கற்பனை நாடு சிறக்கும். அவன் வாழும் ஊரும் அவனுக்கு முன்னினும் நன்கு விளங்கும்.