விதை வீசும் கருவி

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

வேலியோரம் காய்க்கும் பட்டாசுக்காயை நம்மில் அறியாதவர் யார்? காய்ந்த காயில் ஈரம் பட்டதும் 'பட்' என்று வெடித்து விதைகள் தெறிக்கும். நடக்க இயலாத செடி தன் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்ப இறைவன் தந்த பொறி அது. அதுபோன்ற ஒரு பொறியால் நாம் ஏற முடியாத குன்றுகளையும் பசுமையாக்க முடியுமா?

தேவை என்ன?

மதுராந்தகம் வட்டாரத்தில் அச்சிறுபாக்கம் வச்சிரகிரி போன்ற பாறைக் குன்றுகள் உள்ளன. சரிவில் மரமும் புதரும் குறைந்தால் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். அந்த மண் ஏரியில் படிந்தால் ஏரி கொள்ளும் நீர் குறையும். ஏரியை நம்பி நெல் விளையும் ஊருக்கு இது சோற்றுக் கவலை. செங்குத்தான பாறை இடுக்கில் குழி தோண்டிக் கன்று நட முடியாது. விதையைத்தான் அனுப்ப வேண்டும்.

விதைப்பந்து

வெறும் விதையை வீசினால் எறும்பும் பறவையும் தின்றுவிடும். களிமண்ணும் மக்கிய சாணமும் கலந்து, நடுவில் விதை வைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி நிழலில் காயவைத்தால் மழை வரும்வரை விதை பாதுகாப்பாக இருக்கும். 1988-இல் மகசேசே விருது பெற்ற ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகுவோகா இம்முறையை உலகறியச் செய்தார்.

கருவி அமைப்பு

தினைப்புனம் காத்தவர்கள் கவண் எறிந்ததைச் சங்க இலக்கியத்தில் காண்கிறோம். கோலியாத்தை வீழ்த்திய தாவீதின் கையில் இருந்ததும் கவணே. ஆனால் கவணுக்கு நீண்ட பயிற்சி வேண்டும். குறி தவறினால் ஆபத்து. உண்டிவில்லே எளிது. இரண்டு மூங்கில் கழிகளில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, நடுவில் துணிப்பை தைத்தால் போதும். இருவர் கழிகளை ஊன்றிப் பிடிக்க, ஒருவர் பையை இழுத்து விடலாம். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குன்றடிவரை செல்லலாம்.

பந்து உடையக் கூடாது என்பதே இங்கு முக்கியம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தை அரை மீட்டர் இழுவையில் கொடுத்தால், பந்தின் மீது அதன் எடையைப் போல் ஏறக்குறைய 40 மடங்கு விசை தாக்கும். ஒரு மீட்டர் இழுத்தால் அது 20 மடங்காகக் குறையும். ஆகவே நீளமாக இழுத்து மென்மையாக எறிவதே நல்லது.

காற்றுத் தடையை விட்டுக் கணக்கிட்டால், இதே வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் எறிந்த பந்து சமதளத்தில் சுமார் 40 மீட்டர் செல்லும். 30 பாகைச் சரிவில் மேல்நோக்கி எறிய 60 பாகையே சிறந்த கோணம். அப்போது சரிவின் வழியே சுமார் 27 மீட்டர் எட்டும்.

எந்த விதை?

கருவியைவிட இதுவே பெரிய கேள்வி. சம்பல் பள்ளத்தாக்கில் 1980-களில் விமானத்திலிருந்து சீமைக் கருவேல விதைகள் தூவப்பட்டன. மண்ணரிப்பைத் தடுக்க வந்த அம்மரம், மண்ணின் சொந்தச் செடிகளை நெருக்கிப் பரவியது. தொலைவாக எறிவது திறமை. தவறானதை எறியாதிருப்பது அறிவு. நம் குன்றுகளுக்கு ஆவாரை, உசிலை போன்ற நம் மண்ணின் செடிகளே ஏற்றவை. அவற்றின் கடின விதைகள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். வேப்பவிதையோ சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். ஐப்பசி மழைக்குச் சற்று முன்பாக, மண் தங்கும் இடுக்குகளைக் குறிபார்த்து எறிய வேண்டும்.

முடிவுரை

எறிந்தவை எல்லாம் முளைக்கா; சிலவே தப்பும். அடுத்த ஆண்டு சென்று எண்ணிப் பார்த்து, குறைந்த இடத்தில் மீண்டும் எறிய வேண்டும். வனத்துறையின் அனுமதி பெற்று, ஆசிரியர் துணையுடன், எதிரே ஆளோ ஆடோ இல்லை என்று கண்ட பின்பே இழுக்க வேண்டும். தோழியரே, உண்டிவில் குருவியை அடிக்க மட்டுமே என்று யார் சொன்னது? குருவி நாளை வந்து அமரும் கிளையையும் அதனால் உண்டாக்கலாம்!