கீழே நின்று நடத்துபவர்: பேஸ் கிடார் ஒரு பாடம்

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை, குந்தாரப்பள்ளி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "ரோபோ பத்தி எழுதுடா, சோலார் பத்தி எழுதுடா" என்று நண்பர்கள் சொன்னார்கள். அதையெல்லாம் எழுத என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பேஸ் கிடார். வாசிக்கத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கத் தெரியும்!

என் தாய்மாமன் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பதினாறு வருஷம் பேஸ் கிடார் வாசித்தவர். எட்டாவது படிக்கும்போதிலிருந்து திருவிழாக் காலத்தில் அவரோடு போய் ஆம்ப் தூக்குவதும் ஒயர் சுற்றுவதும் என் வேலை. ஒரு கச்சேரிக்கு இருநூறு ரூபாய். அப்பா வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆடு மாடு ஏற்றி இறக்குபவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னுடைய முதல் செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் அந்த ஒயர் சுற்றிய காசுதான்.

கச்சேரி முடிந்ததும் ஊர் ஜனம் பாடகரோடு நின்று போட்டோ எடுக்கும். மாமாவைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் நகுந்துக்கோங்க" என்று சொல்லும். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துகொள்வார். அப்படியென்றால் குழுவை நடத்துவது யார்? முன்னால் நிற்பவரா, நகர்ந்து நிற்பவரா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியைத் தெரிந்துகொள்வோம்

சாதாரண கிடாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் நான்கே தந்தி: ஈ, ஏ, டி, ஜி. இவற்றின் அதிர்வெண் முறையே சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிடாரின் மிகத் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதில் சரிபாதி எடுத்தால் 41. அதாவது பேஸ் ஒரு ஸ்தாயி கீழே பேசுகிறது, அவ்வளவுதான் கணக்கு.

முன்பெல்லாம் இந்த வேலையை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் செய்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எவ்வளவு கஷ்டம்! 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் மின்சார பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம் என்று ஆனதும் ஊர் சுற்றும் குழுக்களுக்கெல்லாம் அது வரப்பிரசாதமாக அமைந்தது.

நம்ம துறைப் பாடமும் இதில் இருக்கிறது. தந்திக்குக் கீழே இருக்கும் பிக்கப் வேறொன்றும் இல்லை, காந்தமும் கம்பிச் சுருளும்தான். இரும்புத் தந்தி காந்தப் புலத்தில் ஆடும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிற ஃபாரடே விதி, இங்கே பாட்டாக வெளியே வருகிறது!

இன்னொன்று. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8 மீட்டர், ஒரு மினி பஸ் நீளம். 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஒரு விரல் நீளம்தான். நீண்ட அலை சுவரையும் கூட்டத்தையும் வளைத்துக்கொண்டு போகும். அதனால்தான் பக்கத்து ஊர்த் திருவிழாவில் பாடுபவர் யார், என்ன பாட்டு என்று தெரிவதற்கு முன்பே "தும்... தும்..." என்று அடி மட்டும் நம்ம வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது.

பேஸ் செய்யும் நான்கு வேலைகள்

ஒன்று, நிலம் கொடுப்பது. கீபோர்டில் ஸ, அந்தர காந்தாரம், ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கீழே பேஸ் ஸ வாசித்தால் நிம்மதியாக இருக்கும். மேலே அந்த மூன்றும் அப்படியே இருக்க, பேஸ் மட்டும் சதுஸ்ருதி தைவதத்துக்குப் போகட்டும். அதே மூன்று ஸ்வரத்தில் ஒரு சோகம் வந்துவிடும். மேலே யாரும் விரலை அசைக்கவில்லை. மாற்றியவர் கீழே இருப்பவர்.

இரண்டு, காலம் காப்பது. டிரம்ஸின் கால் அடியும் பேஸின் தந்தியும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். டிரம்ஸுக்குத் தாளம் உண்டு, ஸ்வரம் இல்லை. பாட்டுக்கு ஸ்வரம் உண்டு, ஆனால் அது தாளத்தில் முன்னே பின்னே நீந்தும். இரண்டையும் கட்டும் கயிறு பேஸ்.

மூன்று, திருப்பம் சொல்வது. இடையிசை முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் பேஸ் ப-வில் நின்று ஸ-வுக்கு இறங்கினால், "வீட்டுக்குப் போறோம்" என்று எல்லாருக்கும் அர்த்தம். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

நான்கு, சும்மா இருப்பது. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிவது. மாமா சொல்வார், "நாலு அடியும் அடிக்கிறவன் வேலைக்காரன், எந்த அடிய விடணும்னு தெரிஞ்சவன் மேஸ்திரி."

காகிதம் நடத்தும் குழு

தமிழில் பேஸ் என்றதும் நினைவுக்கு வருபவர் இசைஞானி இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு சிறு வயதில் ஊர் ஊராகச் சுற்றியவர். சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, நம் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடப் படங்கள் பலவற்றில் வேலை பார்த்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அடிப்படையில் அவரே ஒரு கிடார் கலைஞர். அவருடைய பாட்டுகளில் பேஸ் வெறும் அடியாக நிற்காது; பாடகர் ஒரு வழி போக, அது கீழே தனக்கென்று ஒரு வழி போட்டு நடக்கும். அவருக்கு நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பேஸ் உட்பட ஒவ்வொரு கருவிக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்பதை இளையராஜாவே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். அதைக் கைகாட்டி நடத்த ஓர் ஆள் உண்டு. டிரம்ஸ் கலைஞரான புருஷோத்தமன் அந்தப் பொறுப்பைப் பல வருஷம் சுமந்தார். மேடையில் ஓர் இடம் பிசகினால், நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கச் சொல்வதும் உண்டு. எழுதியது எழுதியபடி வர வேண்டும். இது காகிதம் நடத்தும் குழு. ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது இதைவிடச் சிறந்த முறை இல்லை எனலாம்.

காது நடத்தும் குழு

இதற்கு நேர் எதிரான ஒரு குழுவைப் பார்ப்போம். அமெரிக்கப் பாடலாசிரியர் பாப் டிலன், 1941-இல் பிறந்தவர். பாட்டு எழுதியதற்காகவே 2016-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர். 1988 ஜூன் மாதம் ஒரு சுற்றுப்பயணம் தொடங்கினார். அதற்கு 'முடிவில்லாப் பயணம்' என்றே பெயர் வந்துவிட்டது. 2019-க்குள் மூவாயிரம் கச்சேரிகளைத் தாண்டிவிட்டது.

டிலனிடம் ஒரு பழக்கம். நேற்றுப் பாடியது போல இன்று பாட மாட்டார். வேகம் மாறும், கட்டை மாறும், வரியை எங்கே நீட்டுவார் எங்கே வெட்டுவார் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்டவருக்குப் பின்னால் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

இங்கேதான் டோனி கார்னியர் வருகிறார். அவர் தாத்தா நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் குழு நடத்தியவர். ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பேஸ் கலைஞர் உடல்நலம் இல்லாமல் விலக நேர்ந்ததால், 1989 ஜூனில் அந்த இடத்துக்கு வந்தவர் கார்னியர். மாற்று ஆளாக வந்தவர்! அப்போது குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜி.இ.ஸ்மித் என்ற கிடார் கலைஞர். அவர் 1990-இல் விலகினார். பிறகு கிடார் கலைஞர்கள் பலர் மாறினார்கள், டிரம்ஸ் கலைஞர்கள் பலர் மாறினார்கள். கார்னியர் மட்டும் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நின்றார். டிலனோடு வேறு எந்தக் கலைஞரும் இவ்வளவு காலம் வாசித்ததில்லை. குழுவின் இசைப் பொறுப்பும் மெதுவாக அவர் தோளுக்கு வந்து சேர்ந்தது.

அவர் செய்வது என்ன? பாடுபவரின் கையையும் மூச்சையும் பார்க்கிறார். மற்றவர்கள் இவரைப் பார்க்கிறார்கள். டிலன் திடீரென்று திரும்பினால் முதலில் திரும்புவது பேஸ், அதைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ், அப்புறம் கிடார். பெரிய சோலோ எல்லாம் கிடையாது. முன்னால் வந்து நிற்பதும் கிடையாது. ஆனால் அவர் கால் வைக்கும் இடம்தான் பாட்டின் தரை.

நம் நாட்டிலும் இந்தக் கருவிக்கு நல்ல கலைஞர்கள் உண்டு. ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களிலும் மேடைகளிலும் கீத் பீட்டர்ஸின் பேஸ் ஒலித்திருக்கிறது. மும்பையில் 1996-இல் பிறந்த மோகினி டே, அப்பாவிடமே பேஸ் கற்று ரஹ்மான் மேடையில் வாசித்தவர். பேஸ் ஆண்களுக்கான கருவி என்று நினைக்கும் தோழியர் இதைக் கவனிக்கவும்.

எங்க ஊர் மேடை

இதையெல்லாம் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பார்த்தது அதற்கு முன்பே, சூளகிரிப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவில்.

எங்கள் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் சீட்டு வரும். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு கன்னடப் பாட்டு. பாடகருக்கு இரண்டாவது சரணம் மறந்துவிட்டது. பாதியிலேயே பல்லவிக்குத் தாவிவிட்டார். கீபோர்டு சரணத்தில், டிரம்ஸ் எங்கேயோ, பாடகர் பல்லவியில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமா தந்தியை உள்ளங்கையால் அமுக்கினார். ஒரு அடி மௌனம். டிரம்ஸ்காரரைப் பார்த்தார். ப என்று ஒரு தட்டு, ஸ என்று ஒரு தட்டு. மொத்தக் குழுவும் பல்லவிக்குள் வந்து விழுந்தது. கூட்டம் விசில் அடித்தது, பாடகருக்கு! வேனில் ஏறியதும் பாடகர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

எங்கள் குழுவிலும் காகிதம் கிடையாது. காதுதான். அமெரிக்காவில் கார்னியர் செய்வதை சூளகிரிப் பக்கம் மாமா செய்தார் என்றால் அது மிகையாகாது.

போன வருஷம் குழுவில் பேஸ் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கீபோர்டின் இடது கை இருக்கிறது, பாதிப் பாட்டுக்குப் பென் டிரைவில் ட்ராக் இருக்கிறது, ஒரு ஆள் சம்பளம் மிச்சம். உண்மையைச் சொல்ல வேண்டும்: மாமா இல்லாத முதல் கச்சேரிக்கும் நான் ஒயர் சுற்றப் போயிருந்தேன். கச்சேரி நன்றாகத்தான் நடந்தது. கூட்டம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பதினோராவது பாட்டில் பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டார். ட்ராக் அவருக்காக நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, அவர் அதன் பின்னால் ஓடினார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ட்ராக்குக்கு எல்லா ஸ்வரமும் தெரியும், பாடுகிறவன் தெரியாது.

மாமா இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஷிப்ட் பார்க்கிறார். கோபம் இல்லையா என்று கேட்டேன். "அவங்களுக்கும் கட்டுப்படி ஆவணும்ல? நீ ஒழுங்கா படி" என்றார். பேஸ் கிடார் ஆறு மாதம் ஆணியில் தொங்கியது. பொங்கல் லீவில் எடுத்து ஆம்பில் மாட்டினால் ஒரே ஹம் சத்தம். ஜாக்கில் கிரவுண்ட் ஒயர் விட்டுப்போயிருந்தது. லேபில் கற்ற சால்டரிங் முதன்முதலாக வீட்டுக்கு உதவியது அன்றுதான். பற்ற வைத்துக் கொடுத்தேன். மாமா ஒரே ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, அது அடங்கும் வரை பேசாமல் இருந்தார்.

முடிவாக

நண்பர்களே, நம் புராஜெக்ட் குழுவிலும் இதே கதைதான். பேசுகிறவன் முன்னால் நின்று விளக்குவான். சர்க்யூட் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்தவன் கடைசியில் நிற்பான். அவனை நகரச் சொல்லாதீர்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலருக்கு முன்னால் நின்று பேசக் கூச்சம் உண்டு, எனக்கும் உண்டு. முன்னால் நிற்காமலும் நடத்தலாம் என்று எனக்குக் காட்டியது இந்த நான்கு தந்தி.

இந்த ஆண்டு விழாவில் நம்ம பசங்க பாடும் மூன்று பாட்டுக்கு வாசிக்க மாமா சம்மதித்திருக்கிறார், ஷிப்ட் மாற்றிக் கொடுத்தால். டிரம்ஸ் பக்கத்தில் ஓரமாக நிற்பார். ஒரே ஒரு பாட்டுக்குப் பாடுபவனை விட்டுவிட்டு அவர் விரலைப் பாருங்கள். பாட்டு பிசகினால் பயப்படாதீர்கள். அவர் பார்த்துக்கொள்வார்.