சிறுவர் உண்டியலும் கூட்டுறவுப் பாடமும்

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கரையோரப் பள்ளிகள் பல இடிந்தன. நமது நாகப்பட்டினத்தையும் அத்துயரம் சூழ்ந்தது. அங்கு உதவியாக வந்து குவிந்த பழந்துணிகள், உடுப்பாரின்றிச் சாலையோரம் கிடந்தன. கொடுத்தோர் மனம் நன்றே. வேண்டுவது யாதெனக் கேளாமையே குறை.

2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, தமிழக அரசு பொதுமக்களிடமும் நிதி கோரியது. அங்குத் தட்டுப்பாடாயிருந்த அரிசியும் பால் பவுடரும் மருந்தும் தமிழகத்திலிருந்து கப்பலேறின. இதுவே பயனுள்ள உபகாரம்.

ஆரப்பாளையம் வட்டாரத்து அங்கத்தினர்களே! பேரிடருற்ற அயல்நாட்டுப் பள்ளியொன்றுக்காக நம் பிள்ளைகள் உண்டியல் ஏந்தினால், அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியவை மூன்று.

1. அப்பள்ளியின் தேவையை முதலில் கேட்டறிதல். வேண்டுவது நோட்டுப் புத்தகமா, கூரையா எனத் தெரிந்த பின்னரே வசூல் தொடங்குக.

2. இருவர் முன்னிலையில் உண்டியலை எண்ணி, அன்றே ரொக்கப் புத்தகத்தில் பதிந்து, ரசீது வழங்குதல்.

3. அயல்நாட்டுக்குப் பணம் அனுப்பச் சட்ட விதிகள் உண்டு. ஆகவே அரசு நிவாரண நிதி அல்லது அனுமதி பெற்ற நிறுவனம் வாயிலாக அனுப்பி, செலவுக் கணக்கைப் பெற்றுப் பிள்ளைகள் முன் வாசித்தல்.

மூன்றாவதை விட்டுவிட்டால், அடுத்த முறை அப்பிள்ளை உண்டியலைத் தொடாது. தன் ஒரு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கப் பழகிய பிள்ளையோ, நாளை நம் சங்க மகாசபையில் ஐந்தொகையை வாசித்துப் பார்த்துக் கைதூக்கும் அங்கத்தினராக விளங்கும்.