பல்லைக் காட்டிட்டு அப்புறம் கடலுக்குள்ள இறங்குங்க!

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு, ஹேவ்லாக்ல ஸ்கூபா டைவிங் புக் பண்ணியாச்சுன்னு குதிக்கிற தங்கச்சிங்களே, வாய்க்குள்ள ரூட் கெனால் ஏதாவது பாதியில நிக்குதா? முதல்ல அதை முடிச்சிட்டு வாங்க. அக்கா பட்டுட்டுச் சொல்றேன்.

முதல் சிட்டிங் முடிஞ்சு, தற்காலிகமா சிமெண்ட் வெச்சு அடைச்ச பல்லோட நான் இறங்கினேன். கீழ போறப்ப ஒண்ணும் தெரியலை. மேல ஏறுறப்பதான் கடைவாய்ப் பல்லுக்குள்ள கம்பியை விட்டுக் குடைஞ்ச மாதிரி ஒரு வலி!

கடல்ல 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் கரையில இருக்கிறதைப் போல 2 மடங்கு. வேர் நுனி வரைக்கும் நெருக்கமா அடைச்ச பல்லை அது ஒண்ணும் பண்ணாது. உள்ள இடைவெளி விட்டிருந்தாலோ, மேல அடைப்பு கசிஞ்சாலோதான் வம்பு. கீழ இருக்கிற நேரத்துல காத்து மெல்ல உள்ள புகுந்துக்கும். ஏறும்போது அது விரியும். உடனே வெளிய வர வழியில்லைன்னா அடைப்பைப் பெயர்க்கும், அபூர்வமா பல்லையே உடைக்கும். 'நரம்பைத்தான் எடுத்தாச்சே, அப்புறமென்ன வலி?'ன்னு என் தம்பி கேட்டான். வேர் நுனியைச் சுத்தி இருக்கிற திசுவை யாரும் எடுக்கலையேடா! அங்க சீழ் இருந்தா இன்னும் மோசம்.

ஃப்ளைட்ல வலிக்கலைங்கிற கணக்கும் இங்க செல்லாது. விமானத்துக்குள்ள அழுத்தம் ஏறக்குறைய கால் பங்குதான் குறையும். 10 மீட்டர் ஆழத்துல வர்ற மாற்றம் அதைப்போல 4 மடங்கு.

அதனால பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே பல் டாக்டரைப் பாருங்க. 'டைவிங் போறேன்'னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொன்னாத்தான் எக்ஸ்ரே எடுத்து வேர் அடைப்பைப் பார்ப்பாங்க, கேப் ஒட்டுறதுக்கும் ரெசின் சிமெண்டா தேர்ந்தெடுப்பாங்க. பழைய மாதிரி ஜிங்க் பாஸ்பேட் சிமெண்ட், அழுத்தம் மாறி மாறி வந்தா பிடி தளர்ந்துடும். சாதாரணமா பல் அடைச்சா குறைஞ்சது ஒரு நாள் தண்ணிப் பக்கம் போகாதீங்க. பல் பிடுங்கியிருந்தா புண் ஆறி, டாக்டர் சரின்னு சொல்லணும்.

மேல் கடைவாய் வலின்னா பல்லை மட்டும் சந்தேகப்படாதீங்க, சைனஸாவும் இருக்கும். சளி பிடிச்சிருந்தா அன்னிக்கு கரையில உக்காந்து இளநீர் குடிங்க.

ஏறும்போது வலிச்சா பதறி மேல பாயக் கூடாது. மூச்சை அடக்காம, மெதுவா ஏறணும். பயிற்சியாளர்கிட்ட உள்ளங்கையை விரிச்சு இப்படி அப்படி ஆட்டிக்காட்டி, பல்லைத் தொட்டுக் காட்டுங்க. கட்டைவிரலைத் தூக்கிடாதீங்க! தண்ணிக்குள்ள அதுக்கு 'சூப்பர்'னு அர்த்தம் இல்லை, 'மேல போகலாம்'னு அர்த்தம்.

'அக்கா, ஒரே ஒரு சிட்டிங்தான் பாக்கி, இறங்கலாமா?'ன்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க. கூடாது.