சிவந்த கண்ணும் குளத்து நத்தையும்

மாணவர்களே! வகுப்பில் யாருக்காவது கண் சிவந்தால், உடனே 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லி விலகி உட்காருகிறோம் அல்லவா? ஆனால் கண் சிவப்பது தனி நோய் அன்று, அழற்சியின் அடையாளம். கிருமி, ஒவ்வாமை, காயம் என எது தாக்கினாலும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. சிவப்பும் வீக்கமும் வலியும் இதனால் வருபவையே. காரணத்தை அறிய, 'யாருக்கு வந்தது? எங்கே வந்தது? எப்படிப் பரவியது?' என்று கேட்க வேண்டும்.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரசால் உண்டாவது. கை, துண்டு, தலையணை வழியாக வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் தொற்றும். பொதுவாக இரண்டொரு வாரங்களில் தானே குணமாகும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மருத்துவர்கள் கண்ட ஒரு கண் அழற்சியோ இந்தக் கணக்கில் அடங்கவில்லை. நோயாளிகள் பெரும்பாலும் கிராமத்துச் சிறுவர்கள். சிலருக்கு வெண்விழியை மூடியுள்ள இமையிணைப்படலத்தில் சிறு கட்டி இருந்தது. வேறு சிலருக்குக் கண்ணின் உள்ளே, கார்னியாவுக்கும் ஐரிசுக்கும் இடையில், முத்துப்போல் வெண்மையான கட்டி தெரிந்தது. இவர்களிடையே பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ குளித்தவர்கள்!

2001, 2002 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், தட்டைப்புழு வகை ஒட்டுண்ணியே காரணம் என்று சுட்டின. 2016 இல் வெளியான ஆய்வு அதை உறுதி செய்தது. சிறுவர்களின் கண்ணிலிருந்து அகற்றிய கட்டிகளின் டி.என்.ஏ.வையும், அவர்கள் குளித்த நீரிலிருந்த நத்தைகள் வெளிவிட்ட இளம்புழுக்களின் டி.என்.ஏ.வையும் ஆராய்ந்தார்கள். இரண்டும் புரோசெரோவம் வேரியம் என்ற தட்டைப்புழுவோடு மிகவும் ஒத்திருந்தன. நத்தையின் பெயர் மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா.

நத்தைக்குள் புழு எப்படி வந்தது? சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இந்நோய் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள்! நத்தை, மீன், மீன் தின்னும் பறவை மூன்றும் ஒருங்கே வாழும் இடம் என்பதால் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். இவ்வகைப் புழுக்கள் பறவையின் குடலில் முட்டையிடும். எச்சத்தோடு முட்டை நீரில் விழும். அதிலிருந்து வரும் இளநிலை, நத்தைக்குள் வளர்ந்து பெருகும். பிறகு 'செர்க்கேரியா' என்னும் நுண்ணிய இளம்புழுவாக நீந்தி வெளிவந்து மீனுக்குள் புகும். மீனைப் பறவை தின்றால் சுழற்சி முழுமை பெறும்.

மனிதனின் கண் இந்தப் பாதையில் இல்லை. வழி தவறி அங்கே வந்த புழு முழு வளர்ச்சி அடைவதில்லை. நம் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து கொள்கின்றன; அதுவே கட்டி. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் பார்வை கெடக்கூடும். சிறு கட்டிக்குச் சொட்டு மருந்தும், பெரிய கட்டிக்கு அறுவைச் சிகிச்சையும் உண்டு.

ஆகவே, நத்தைகள் மலிந்த தேங்கிய நீரில் குளிக்காதீர்கள். கண் சிவப்போடு வலி, கூச்சம், பார்வை மங்கல், வெண்புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த நீரில் குளித்தீர்கள் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி காரணத்தைக் காட்டிவிடலாம்.