மடிக்கணினித் திரையில் ஒளியும் வண்ணமும்

முன்னுரை

ஒளி இன்றேல் காட்சி இல்லை. எனினும் ஒளி அளவு கடந்தாலும் காட்சி கெடும். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பின்னர், நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையத்திலும் அதனை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் கைகளுக்கும் மடிக்கணினி வந்து சேர்ந்தது. வாங்கியபோது இருந்த அமைப்பை மாற்றாமலேயே அதனைப் பயன்படுத்துவோர் பலர். இதனால் கண்ணுக்கும் கைப்பொருளுக்கும் நேரும் இழப்பினையும், அதனைத் தவிர்க்கும் நெறியினையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிகழ்ச்சி

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. அங்குப் பால்கோவா செய்து விற்கும் குடும்பத்தைச் சார்ந்த மாணவர் ஒருவர், பெட்டிக்குரிய லேபிளைத் தம் மடிக்கணினியில் தாமே வரைந்தார். பகலில் கல்லூரி, மாலையில் கடை. ஆகவே இரவில்தான் நேரம் கிடைத்தது. திரையை மஞ்சளாக்கும் இரவு ஒளி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததை அவர் அறியவில்லை. படம் மஞ்சளாய்த் தோன்றவே நீலத்தைக் கூட்டினார். ஒளிர்வு முழு அளவில் இருந்தமையால் படம் கண்ணைக் கூசச் செய்தது. எனவே படத்தையும் சற்றுக் கருமையாக்கினார். சிவகாசியில் அச்சாகி வந்த லேபிளில், பால்கோவா நீலம் பாய்ந்து கெட்டுப்போன பண்டம் போலக் காட்சியளித்தது. அச்சிட்டவர் மீது குறையில்லை. கோப்பில் இருந்ததையே அவர் அச்சிட்டார். லேபிள் முழுவதும் வீணாயிற்று. திரை காட்டியதை மெய்யென நம்பியதே பிழைக்குக் காரணம்.

கண்ணும் ஒளியும்

பஸ்ராவில் 965ஆம் ஆண்டில் பிறந்து, பின்னர்க் கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைத்தம், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் இவ்வுண்மையை ஆராய்ந்துள்ளார். மிகுந்த ஒளி கண்ணை வருத்தும். இரவில் தெரியும் விண்மீன்கள் பகலில் மறைந்துவிடும். ஒரே பொருளின் நிறம் அதன் மேல் விழும் ஒளிக்கேற்ப வேறுபட்டுத் தோன்றும் என அவர் விளக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கூறப்பெற்ற இக்கருத்துகள் இன்றைய திரைக்கும் பொருந்துவன.

நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். வீட்டுக் குழல்விளக்கு தரும் ஒளியோ சில நூறு லக்ஸ் அளவே. திண்ணையில் மங்கித் தெரிந்த அதே திரை, இரவு அறையில் கண்ணைக் குத்துவதன் காரணம் இதுவே.

ஒளிர்வை அமைத்தல்

பெரும்பாலான மடிக்கணினிகளின் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்புறம் அமைந்த எல்.இ.டி. விளக்குகளின் ஒளியே படத்தினூடே நம்மை வந்தடைகிறது. விசைப்பலகையில் கதிரவன் உருவம் பொறித்த விசைகள் இவ்விளக்குகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. ஒளிர்வைக் குறைத்தால் மின்கலம் நெடுநேரம் உழைக்கும் என்பதும் கருதத்தக்கது.

சரியான அளவைக் கருவியின்றியே அறியலாம். வெறுமையான வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தல் வேண்டும். திரை விளக்கைப் போல் எரிந்தால் ஒளிர்வு மிகுதி. சாம்பல் படிந்தது போல் தோன்றினால் குறைவு. இரண்டும் ஒத்துத் தோன்றும் நிலையே தக்க நிலையாகும். அறையின் ஒளி மாறுந்தோறும் இதனை மீண்டும் செய்தல் நன்று.

முதியோரின் கண்மணித் துளை சுருங்கி, விழியாடியும் மஞ்சளித்துவிடுவதால் அவர்களுக்குக் கூடுதல் ஒளி தேவைப்படும். பேரனுக்குப் போதுமான ஒளிர்வு பாட்டனாருக்குப் போதாது. ஒரே கருவியை இருவரும் பயன்படுத்தும் வீட்டில், அவரவர்க்கு ஏற்ப அதனை மாற்றிக் கொடுப்பதும் பெரியோரைப் பேணும் செயலேயாகும்.

வண்ணத்தை அமைத்தல்

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றும் 256 படிநிலைகளைக் கொண்டால் 1,67,77,216 வண்ணங்கள் பிறக்கும். திரையில் மூன்று ஒளிகளும் கூடினால் வெண்மை தோன்றும். அச்சிலோ மைகள் கூடுந்தோறும் கருமையே மிகும். எனவே திரையின் பொலிவு முழுவதையும் தாளில் எதிர்பார்த்தல் பொருந்தாது.

அச்சுக்குரிய பணியைத் தொடங்குமுன் இவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். முதலாவது, விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்னும் வரிசையில் சென்று 'நைட் லைட்' என்பதை அணைத்தல் வேண்டும். இரண்டாவது, வெள்ளைத் தாளைக் கொண்டு ஒளிர்வைச் சீர்செய்தல் வேண்டும். மூன்றாவது, தேடு கட்டத்தில் 'கேலிபிரேட் டிஸ்பிளே கலர்' எனத் தட்டினால் தோன்றும் வழிகாட்டியைப் பின்பற்றி, சாம்பல் நிறம் எந்நிறச் சாயலுமின்றித் தெரியுமாறு செய்தல் வேண்டும். நான்காவது, திரைக்கு நேராக அமர்தல் வேண்டும். விலை குறைந்த திரைகள் சில, பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறிக் காட்டும். இத்தனைக்குப் பின்னரும், ஒரு மாதிரிப் படி அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே முழு அச்சுக்கு ஒப்புதல் தருதல் வேண்டும்.

இரவுப் பயிற்சி

அவ்வாறாயின் இரவு ஒளி அமைப்பு தேவையற்றதோ எனின், அன்று. இரவில் கண்ணில் விழும் நீல ஒளி, உறக்கத்திற்குத் துணைபுரியும் மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கிறது. ஆகவே எழுத்தைப் படிக்கும் மாணவர் அதனைப் பயன்படுத்தலாம். வண்ணம் தீட்டுவோர் விலக்க வேண்டும். திரையை மஞ்சளாக்கினால் மட்டும் கண்வலி தீராது என்பதையும் உணர்தல் வேண்டும். திரையை உற்று நோக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதே வருத்தத்திற்குப் பெரிதும் காரணமாகும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 நொடிகள் நோக்குதல் எளிய மருந்தாகும். முழு இருளில் திரையை மட்டும் நோக்காது, அறையிலும் விளக்கை ஏற்றி வைத்தல் வேண்டும்.

முடிவுரை

ஒளிர்வைச் சுற்றுப்புறத்திற்கு ஏற்பவும், வண்ணத்தைச் செய்யும் பணிக்கு ஏற்பவும் அமைத்தல் வேண்டும் என்பதே மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவாகும். மேற்குறித்த மாணவர் இப்போது தம் மேசையருகே எப்போதும் ஒரு வெள்ளைத் தாளை வைத்துள்ளார். இழப்பிற்குப் பின் அவர் கற்ற பாடத்தை, ஏனைய மாணவச் செல்வங்கள் இழப்பின்றியே கற்றுப் பயன்பெறுவார்களாக.