ஒரே ஊசி, ஆளுக்கொரு கணக்கு

கேள்வி: என் மாமியாருக்கு வயது 72, எடை 48 கிலோ. சிறுநீர்த் தொற்றுக்காக அமிகாசின் ஊசி போடுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் உள்ள 30 வயதுத் தம்பிக்கு அதே ஊசி தினமும். இவருக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறைதான். இத்தனைக்கும் இருவருக்கும் கிரியேட்டினின் 1.2 தான். போதாக்குறைக்கு ஊசிக்கு முன் ரத்தம் வேறு எடுக்கிறார்கள். வயதானவர்தானே என்ற அலட்சியமா, டாக்டர்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: இல்லை அம்மா, கணக்குப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அமிகாசின் உடம்பில் சிதையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. கிரியேட்டினினோ தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் 1.2 இருந்தால், சிறுநீரகம் மந்தம் என்று பொருள். 1976-இல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் தந்தார்கள். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண் என்றால் வந்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு நிமிடத்துக்கு 32 மில்லி வருகிறது. அந்தத் தம்பி 70 கிலோ என்றால் அவருக்கு 89. லேப் ரிப்போர்ட்டில் மட்டும் இருவரும் சமம்!

அப்படியானால் டோஸைக் குறைக்கலாமே என்பீர்கள். அமிகாசின் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டால்தான் கிருமியை அடிக்கும். அரைகுறை டோஸ் அதற்கு உறைக்காது. அதனால் டோஸைத் தொடாமல் இடைவெளியைக் கூட்டுகிறோம். முந்தைய ஊசி வடியாமல் தேங்கினால் சிறுநீரகமும் காதும் கெடும். போன செவி பெரும்பாலும் திரும்பாது. ரத்தம் எடுப்பது, மருந்து வடிந்துவிட்டதா என்று பார்க்கத்தான்.

பச்சிளங்குழந்தையின் கதை இன்னும் விசித்திரம். அதன் உடம்பில் முக்கால் பங்கு நீர்; அதில் செல்களுக்கு வெளியே உள்ள நீரெல்லாம் அமிகாசின் பரவிவிடும். கிலோவுக்கு இவ்வளவு என்ற டோஸைக் குறைக்க முடியாது. சிறுநீரகம் பக்குவப்படாததால் இடைவெளி மட்டும் நீளும். 1950-களின் இறுதியில், மருந்தைக் கையாளும் பக்குவம் கல்லீரலுக்கு வராத சிசுக்களுக்குக் குளோராம்பெனிகால் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்து, உடல் சாம்பல் பூத்து இறந்த கொடுமையும் நடந்தது. ஐசியூவில் கிடக்கும் சில இளைஞர்களுக்கோ நேர்மாறு: சிறுநீரகம் மிதமிஞ்சி ஓடும், வழக்கமான டோஸ் போதாது.

இதையெல்லாம் அறிய ஒரு சிசுவைப் பத்துமுறை குத்த முடியுமா? 1970-களின் பிற்பகுதியில் சான்பிரான்சிஸ்கோவில் லூயிஸ் ஷெய்னரும் ஸ்டூவர்ட் பீலும் இதற்கு வழி கண்டார்கள். பல நோயாளிகளிடம் ஆளுக்கு ஓரிரு ரத்த மாதிரி எடுத்தால் போதும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, எடையால் எவ்வளவு மாறுகிறது, வயதால் எவ்வளவு, சிறுநீரகத்தால் எவ்வளவு என்று கணினி பிரித்துவிடும். உங்கள் மாமியாரின் ஒரே ஒரு ரத்த முடிவை அதில் சேர்த்தால், அவருக்கே உரிய டோஸை நெருங்கிவிடலாம். ஆனால் எடையைக் கண்மதிப்பாக எழுதிவைத்தால் எந்தக் கணினியும் கைகொடுக்காது. பல வார்டுகளில் அதுதான் நடக்கிறது.

அதனால் அவரை எடை மெஷினில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டுகளையும் காட்டுங்கள். காதில் இரைச்சல், தலைசுற்றல் என்று அவர் சொன்னால், அடுத்த ஊசி போடும் முன்பே டாக்டர் காதில் போட்டுவிடுங்கள்.